பழம் பொன்னின் பெறுமதி



பொன் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவன கலியாண வீடும் நகைக்கடையும் ஆகும். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொன் அத்துணைப் பொலிவுடையதன்று. அலுமாரியின் மூலையிலே, பழைய சிமிழொன்றிலோ கைலேஞ்சி முடிச்சொன்றிலோ கிடக்கும் பொன்னையே குறிப்பிடுகிறேன். அறுந்த சங்கிலி, சோடி தொலைந்த ஒற்றைத் தோடு, நெளிந்து பிளந்த காப்பு, பிள்ளைக்கு முப்பத்தோராம் நாளில் அணிந்து பின்னர் விரலுக்குச் சிறுத்துப்போன மோதிரம், சுரை கழன்ற மூக்குத்தி என்றிவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் சில உண்டு. இவற்றைப் பழம் பொன் என்கிறோம். உண்மையிற் பழையதாவது உருவமே, பொன் பழையதாவதில்லை. அது துருப்பிடிப்பதில்லை, களிம்பேறுவதில்லை. தேய்ந்துபோன சிறிதளவு நீங்க, பாட்டியின் காதிலிருந்த பொன் பேர்த்தியின் கையில் அப்படியே இருக்கின்றது.

பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பொன் விற்பனையோடு என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வாரத்திலே தாயின் காது வெறுமையாவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, அரிசிக்கும் மருந்துக்குமாக அவ்வாறு வெறுமையான காதுகள் பல. பழம் பொன்னை விற்பவர் பெரும்பாலும் ஆறுதலாக இருந்து விலை பேசும் நிலையில் உள்ளவரல்லர். கடைக்காரர் தராசில் இடுகிறார். ஏதோ கணிப்பானைத் தட்டுகிறார். ஒரு தொகை சொல்கிறார். அது கூடியதோ குறைந்ததோ என அறியாமலே அந்தத் தாய் தலையசைத்து விடுகிறாள். அறிவதற்கு வேண்டிய கணக்கோ எட்டாம் வகுப்புக் கணக்கு. வீட்டிலே அதைச் செய்யக்கூடிய பிள்ளை இருக்கையில், தாய் அறியாது விற்பதே எனக்கு மனவருத்தம் தருவது.

முதலில் எடையை நோக்குவோம். நாம் நகையைப் பவுணிற் பேசுகிறோம்; தராசு கிராமிற் பேசுகிறது. இன்றைய வழக்கில் ஒரு பவுண் என்பது 8 கிராம். ஆங்கிலேயரின் தங்க நாணயத்தின் பெயரே நம்மிடையே எடையின் பெயராகி நிலைத்தது. அதற்கு முந்திய தட்டார் குன்றிமணியையும் மஞ்சாடியையும் இட்டு நிறுத்தனர். நாம் அவ்வளவு பின்னே போகவேண்டியதில்லை. எனினும் சமையலறைத் தராசை நம்பிப் பொன்னை நிறுத்தலும் ஆகாது. அதில் ஒரு கிராம் கூடுவதும் குறைவதும் இயல்பு. பொன்னில் ஒரு கிராம் பிசகினாற் பல்லாயிரம் ரூபா பிசகும். கிராமின் நூற்றிலொரு பங்கு வரை காட்டும் சிறு தராசு இப்போது மலிவாகக் கிடைக்கின்றது. அஃது இல்லாதவர், விற்க எண்ணாத கடையொன்றில் முதலில் நிறுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். கடைத் தராசு வெறுமையாக இருக்கையிற் பூச்சியம் காட்டுகிறதா, மின்விசிறிக் காற்றில் எண் ஆடுகிறதா, அளவீட்டு அலகுகள், நியமங்கள் திணைக்களத்தாரின் முத்திரை அதில் உளதா என நோக்குவது குறைகாண்பது ஆகாது. வாங்குபவர் உங்கள் பொன்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் அல்லவா? நீங்கள் அவர் தராசைப் பார்த்தால் என்ன?

நிறுப்பதன்முன் பொன்னல்லாதவற்றை நீக்கவேண்டும். சங்கிலிக் கண்களில் ஆண்டுக்கணக்காக அழுக்கும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டு மெல்லிய தூரிகையாற் கழுவி உலர்த்துங்கள். கொளுக்கியினுள்ளே இருக்கும் சுருள் உருக்கினால் ஆனது. பழைய அட்டியல், சிமிக்கி போன்றவற்றின் உள்ளே அரக்கு நிரம்பியிருக்கும். மேலே மெல்லிய பொற்றகடு, உள்ளே மரப்பிசின் போன்ற ஒன்று. அவ்வகை நகையில் நிறையின் ஒரு பகுதி அரக்கின் நிறையே. சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பெரும்பாலும் கண்ணாடியோ செயற்கைக் கல்லோ ஆகலாம். ஆனால் பாட்டனார் காலத்து வைரத்தோடு வேறு. கல்லின் பெறுமதி பொன்னின் பெறுமதியை விஞ்சும் நகைகளும் நம் வீடுகளில் உள. அவற்றைக் கல்லின் மதிப்பறிந்த ஒருவரிடம் முதலிற் காட்டாமல் உடைக்க விடவேண்டாம்.

இனி மாற்று. எடையிலும் பார்க்க மயக்கம் தருவது இதுவே. கலப்பற்ற பொன்னை 24 பங்கு எனக் கொண்டால், நகையில் எத்தனை பங்கு பொன் என்பதே கரட். 22 கரட் எனின் 22 பங்கு பொன்னும் 2 பங்கு செம்பு, வெள்ளி முதலியனவும். ஆயிரத்துக்கு எத்தனை எனச் சொல்வது மற்றொரு முறை: 22 கரட் 916, 21 கரட் 875, 18 கரட் 750, 14 கரட் 585, 9 கரட் 375. நகையின் உட்புறத்தில் வில்லைக் கண்ணாடியால் நோக்கினால் இவ்வெண்களுள் ஒன்று தென்படலாம். கல்லுக்குச் சொல்லும் கரட் வேறு, அஃது எடை. பொன்னுக்குச் சொல்லும் கரட் விகிதம். இரண்டும் ஒரே மரத்தின் விதையிலிருந்து பிறந்த பெயர்கள். கிரேக்கர் நிறுக்கப் பயன்படுத்திய கரோப் மரத்தின் விதையே அது.

நம் வீட்டுச் சிமிழில் உலகம் முழுவதும் கலந்திருக்கின்றது என்பதை மறத்தலாகாது. உள்ளூரிற் செய்த தாலிக்கொடி 22 கரட்டாக இருக்கலாம். குவைத்திலோ சவூதியிலோ உழைத்த சகோதரி கொண்டுவந்த வளையல் 21 கரட்டாதல் கூடும். அந்நாடுகளில் அது பெருவழக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த சங்கிலி 18 அல்லது 14 கரட். இலண்டன் மாமா பிறந்தநாளுக்குக் கொடுத்த மோதிரத்தில் 375 என்று பொறித்திருந்தால், அதில் பாதிக்கும் குறைவாகவே பொன் உண்டு. இந்தியாவிலே 1963ஆம் ஆண்டு, 14 கரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தலை அரசு தடைசெய்தது. 1966இல் அத்தடை நீங்கியது. அவ்விடைக்காலத்தில் அங்கே வாங்கிய நகையைப் பாட்டி காலத்து நகை, ஆகவே சுத்தப் பொன் என்று கொள்வது பிழையாகலாம். மாறாக, 2021 யூன் தொடங்கி இந்தியாவிற் படிப்படியாக முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அண்மையில் அங்கு வாங்கிய நகையில் 916 என்ற எண்ணோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடொன்றையும் காணலாம். கே.டி.எம். என்ற எழுத்துக்களைக் கண்டு மயங்குவோரும் உளர். அது மாற்றின் முத்திரையன்று. பொருத்து வைப்பதற்குக் காட்மியம் என்னும் உலோகம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தினர் என்பதே அதன் பொருள். அதன் புகை தொழிலாளியின் நுரையீரலுக்குக் கேடு.

முத்திரை இல்லாத நகைக்கு உரைகல் உண்டு. கட்டளைக்கல் என்னும் சொல்லைத் திருக்குறளிற் படித்து உரை எழுதும் நம் மாணவரிற் பலர் அக்கல்லைக் கண்ணாற் கண்டதில்லை. அது நுண்ணிய கருங்கல். அதன்மேல் நகையை உரைத்தாற் பொன்னிறக் கீற்று விழும். அருகே மாற்றறிந்த ஆணிகளை உரைத்து நிறத்தை ஒப்பிடுவர்; பின் அமிலத்துளி இட்டு எந்தக் கீற்று மங்குகிறது, எது நிலைக்கிறது என நோக்குவர். பழகிய கண் வியக்கத்தக்கவாறு சரியாகச் சொல்லும். ஆயினும் கல் காண்பது மேற்பரப்பை மட்டுமே. தடித்த முலாம் பூசிய பித்தளையும் கல்லில் நன்றாகவே நடிக்கும். ஆதலால் ஓரிடத்தில் மட்டும் உரைக்காமல், தேய்ந்த இடத்திலும் சிறிது அராவிய இடத்திலும் உரைக்கச் சொல்லவேண்டும். இப்போது பெரிய கடைகளில் ஊடுகதிர்க் கருவி உண்டு. ஒரு நிமிடத்துக்குள் பொன் இத்தனை, செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை எனத் திரையில் எழுதிக் காட்டும். அதுவும் தலைமயிரின் தடிப்பிலும் குறைந்த ஆழத்தையே காண்பது. எனினும் கல்லைப் போலன்றி எண்ணாகச் சொல்கிறது, அந்த எண்ணை நீங்களும் வாசிக்கலாம். உறுதியான சோதனை நெருப்பிலேயே நடக்கும்: ஒரு துண்டை வெட்டி, ஈயமும் வெள்ளியும் சேர்த்து உருக்கி, பிறவற்றைப் போக்கி, எஞ்சிய பொன்னை நிறுப்பது. தொகை பெரிதாயின் அத்தகைய சோதனை செய்விப்பது தகும். கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிலே உலோகங்களின் மாற்றைச் சோதிக்கும் கூடம் உண்டு.

வீட்டிலே செய்யத்தக்க சோதனையும் ஒன்று உளது. ஆர்க்கிமிடீசு மன்னனின் முடியைச் சோதித்த கதையை விஞ்ஞான வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், கேட்டதோடு விட்டுவிட்டோம். சிறு தராசின்மேல் நீருள்ள சிறிய கிண்ணமொன்றை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். சங்கிலியை நூலிற் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் முட்டாதவாறு நீரினுள் தொங்க விடுங்கள். தராசு காட்டும் கிராமே சங்கிலியின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். முன்னர் நிறுத்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கலப்பற்ற பொன்னின் அடர்த்தி 19.3, 22 கரட்டுக்கு ஏறத்தாழ 17.7, 18 கரட்டுக்கு ஏறத்தாழ 15.5; பித்தளைக்கு எட்டரை அளவு. 12 கிராம் சங்கிலி 0.68 காட்டினால் 22 கரட்டுக்கு அண்மையில் நிற்கிறீர்கள், 0.77 காட்டினால் 18 கரட். கண்களிடையே காற்றுக்குமிழி தங்கினாற் கணக்குக் கெடும். நீரில் ஒருதுளி சவர்க்காரக் கரைசல் சேர்த்தாற் குமிழி விலகும். உள்ளீடற்ற நகைக்கும் அரக்கிட்ட நகைக்கும் கல் பதித்த நகைக்கும் இம்முறை உதவாது. காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உளர். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். செம்பும் பித்தளையும் வெள்ளியும் பொன்னைப் போலவே காந்தத்துக்கு அசையா.

மூன்றாவது அன்றைய விலை. உலகச் சந்தையிற் பொன் அவுன்சுக்கு இத்தனை டொலர் எனப் பேசப்படும். இந்த அவுன்சு 31.1 கிராம் கொண்டது. கடைச் சாமான் நிறுக்கும் அவுன்சு அன்று. டொலர் விலையை 31.1ஆல் வகுத்து, ஒரு டொலருக்கு எத்தனை ரூபா என்பதாற் பெருக்கினால், கலப்பற்ற பொன்னின் கிராம் விலை வரும். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியபோது, உலகில் பொன் பெரிதாக ஏறாதிருக்கவும் நம் நாட்டில் அதன் விலை பாய்ந்ததற்குக் காரணம் இதுவே. பொன்னின் விலை ஏறியது என்று மகிழ்ந்தோம், இறங்கியது ரூபா.

கணக்கு விளங்குவதற்காக, அவுன்சு 3,732 டொலர் எனவும் டொலர் 300 ரூபா எனவும் வைத்துக்கொள்வோம். இவை இன்றைய விலைகள் எனக் கொள்ளவேண்டாம். எளிதில் வகுபடும் எண்களாக நானே தெரிந்தெடுத்தவை. கிராம் 120 டொலர், அதாவது 36,000 ரூபா ஆகிறது. இதை 24ஆல் வகுத்தால் 1,500. அதாவது ஒரு கிராமில் ஒவ்வொரு கரட்டுக்கும் 1,500 ரூபா. இந்த ஒரேயொரு எண்ணைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனாற் போதும். 22 கரட் எனின் கிராம் 33,000. 21 எனின் 31,500. 18 எனின் 27,000. பத்திரிகையில் வரும் விலையைப் பார்ப்பவர், அது 24 கரட் பவுணுக்கா 22 கரட் பவுணுக்கா என்பதைக் கவனித்துவிட்டே எட்டால் வகுக்கவேண்டும்.

உங்களிடம் 12 கிராம் எடையுள்ள 22 கரட் சங்கிலியும், கல் நீக்கியபின் 2.8 கிராம் நிற்கும் 18 கரட் தோடும் உள எனக் கொள்வோம். சங்கிலி 396,000 ரூபா, தோடு 75,600, கூட்டினால் 471,600. இரண்டையும் ஒரே தட்டில் இட்டு, எல்லாம் 18 என்று கடைக்காரர் கணக்கிட்டால் 399,600தான் வரும். ஒரே தட்டில் இட்டதனால் மட்டும் 72,000 ரூபா குறைகிறது. ஆகவே மாற்றின்படி பிரித்து, வெவ்வேறாக நிறுக்கச் செய்யுங்கள்.

இத்தொகை முழுவதும் கையில் வருமென எதிர்பார்த்தல் நியாயமன்று. வாங்குபவர் அதனை உருக்கிச் சுத்திகரிக்கவேண்டும். பற்றாசு வைத்துத் திருத்திய இடங்களில் மாற்றுக் குறைந்திருக்கும். அவருக்கும் வயிறு உண்டு. நாம் வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் வரியும் திரும்பி வாரா. அவை பொன்னன்று, கைவினைக்கும் கடைக்கும் கொடுத்தவை. பெற்ற தாயின் பொன்னிலும் குன்றிமணி எடுப்பான் என்று தட்டாரைப் பழிக்கும் பழமொழியில் எனக்கு உடன்பாடில்லை. கன்னாதிட்டியிலும் செட்டியார் தெருவிலும் தலைமுறை தலைமுறையாக நாணயத்தோடு தொழில் செய்தவர் பலர். கேட்கவேண்டியது ஒன்றே: எத்தனை கழிக்கிறீர்கள், எதற்காகக் கழிக்கிறீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் பாடசாலை மாணவி ஒருத்தி பேராதனைக்குத் தெரிவானாள். தந்தை இல்லாத பிள்ளை. தாய் இரண்டு பவுண் காப்புகளை விற்கப் போனபோது மகளும் உடன் சென்றாள். முதற் கடையில், “இது பழைய நகை அம்மா, பொருத்தும் கிடக்குது” என்று கூறி ஒரு தொகையைச் சொன்னார்கள். மகள் கணிதத்திற் கெட்டிக்காரியல்லள். அவள் படிக்கப் போனது தமிழ். ஆயினும் கடதாசியில் ஏதோ எழுதிப் பார்த்து, “ஐயா, எத்தனை கிராமுக்கு, எத்தனை கரட் என்று கணக்குப் பார்த்துச் சொல்றியள்?” என்று கேட்டாள். விடை வரவில்லை, இன்னுஞ் சிறிது கூட்டித் தரலாம் என்ற பேச்சுத்தான் வந்தது. அவள் கணக்கின்படி முதலிற் சொன்ன தொகை, முழுப் பெறுமதியில் நூற்றுக்கு 72. இரண்டாவது கடையிற் கருவியில் வைத்துக் காட்டி, நிறையைச் சொல்லி, நூற்றுக்கு 94 கொடுத்தார்கள். இடைவெளி ஏறத்தாழ அரைப் பவுண். அது அவளுடைய முதலாண்டு விடுதிச் செலவுக்கு உதவியது எனத் தாய் பின்னர் என்னிடம் கூறினார். கடைக்காரர் சொல்லும் தொகையை நம் கணக்கால் வகுத்து நூற்றுக்கு எத்தனை எனப் பார்த்தால், ஒரு கடையை மற்றொரு கடையோடு ஒப்பிடுதல் எளிதாகின்றது. தொகையை மட்டும் கேட்டு நாலு கடை ஏறி இறங்குவது களைப்பையே தரும்.

உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வோம் என்பாரும் உளர். அது தவறன்று, கண்முன்னே உருக்கவேண்டும், உருக்குமுன்னும் பின்னும் நிறுக்கவேண்டும் என்பதே நிபந்தனை. அழுக்கும் அரக்கும் எரிந்து சிறிது குறைவது இயல்பு. ஆனால் ஒருமுறை உருக்கிய பொன்னைத் திரும்ப எடுத்துச் சென்றால், அடுத்த கடையில் அது யாருடைய எந்த நகை என்பதற்குச் சான்றில்லை, முத்திரையும் போய்விட்டது. ஆகவே விற்பது உறுதியென்றாலன்றி உருக்க இசையாதீர்கள்.

பணமுடை சில மாதங்களுக்கே எனின், விற்பதிலும் ஈடு வைப்பது நன்றாகலாம். வங்கி முழுப் பெறுமதியையும் தராது. ஒரு பங்கையே தரும். இதே கணக்கு அங்கும் உதவும். 200,000 ரூபாவுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 15 எனின், ஆண்டொன்றுக்கு 30,000. மீட்கும் வழி தெரியாமல் ஈடு வைத்து, வட்டி ஏறி, ஏலத்துக்குப் போவதிலும் பார்க்க நல்ல விலைக்கு விற்பதே மேல் என்பது என் எண்ணம்.

தங்க நாணயம் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. சில குடும்பங்களில் பழைய பவுண் காசுகள், குதிரைமேலிருந்து நாகத்தைக் குத்தும் வீரனின் உருவத்தோடு இன்னும் உள. அவற்றின் எடை 7.988 கிராம், 22 கரட், கலப்பற்ற பொன்னாக 7.32 கிராம். அதற்குரிய பொன் விலை மிகக் குறைந்த எல்லையே. இலண்டனில் மட்டுமன்றி அவுஸ்திரேலியாவிலும், 1918ஆம் ஆண்டில் மட்டும் பம்பாய் நாணயசாலையிலும் அவை அச்சாகின. ஆண்டையும் நாணயசாலைக் குறியையும் பொறுத்துச் சிலவற்றைச் சேகரிப்போர் பொன் விலைக்கு மேலும் கொடுப்பர். அட்டியலிற் கோப்பதற்காக வளையம் ஒட்டிய காசுக்கு அந்தச் சிறப்பு இல்லை. ஒட்டாத காசை உருக்கக் கொடுப்பதன்முன் ஆண்டை வாசித்துப் பாருங்கள்.

விற்று முடிந்ததும் எடை, கரட், கிராம் விலை மூன்றும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெறுங்கள். அடையாள அட்டையைக் கேட்டால் முகஞ் சுளிக்க வேண்டாம். களவுப் பொருள் வாங்காதிருக்க அவர்கள் அவ்வாறு கேட்கிறார்கள். விலை ஒவ்வாவிட்டால், கொண்டுபோன உருப்படிகளை எண்ணித் திரும்பப் பெறுங்கள். நிறுப்பதற்காகக் கழற்றிய கற்களையும், கொளுக்கியையும், சுரையையும் மறவாமற் கேட்டு வாங்குங்கள்.